இரவு 11 மணிப் பார்சல்

என் மகனைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே அந்த மருத்துவர் அவன் கழுத்தைத்தான் பார்த்தார். சட்டைக் காலரை விரலால் விலக்கி, பின்கழுத்தில் கருத்து வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்த தோலைத் தொட்டுவிட்டு, "இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார். "அழுக்கு மேடம், வெயில்ல ஆடுறான்" என்றேன். அவன் வெயிலில் ஆடியே பல மாதம் ஆகியிருந்தது. அந்தக் கருப்பைப் போக்க என் அம்மா ஒரு வருடமாகக் கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் பையன் குளியலறையிலிருந்து கத்துவான். அது அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல், ரத்தத்தில் அதன் அளவு ஏறிப்போகும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கருக்கும். எந்த நாரால் தேய்த்தாலும் போகாது. அன்றைக்கு அவனுக்கு 9 வயது. உயரம் 136 செ.மீ., எடை 45 கிலோ.

எனக்கு மதுரை தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் புரோட்டாக் கடை. அப்பா ஆரம்பித்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கல் சூடானால் பத்தரை வரை ஆறாது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். மெண்டலின் பட்டாணிச் செடியையும் குரோமோசோமையும் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். அந்தப் படிப்பை வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் நான் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. அப்பா 100 கிலோவுக்கு மேல் இருந்தார். சித்தப்பாக்கள் இரண்டு பேரும் அதே வாகு. அப்பா சர்க்கரையோடு பத்து வருடம் இருந்து 57 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். நானும் 90 கிலோ. பையனைப் பற்றி யார் கேட்டாலும் "எங்க வம்ச உடம்பு அப்படி" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

மருத்துவர் அப்படி முடிக்கவில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்த வயதில் சதை போட ஆரம்பித்தான்? எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசியா? பேச்சு, நடை, படிப்பு எல்லாம் வயதுக்குத் தகுந்தபடி வந்ததா? "சொந்தத்துலயா கட்டியிருக்கீங்க?" என்றும் கேட்டார். "இல்ல மேடம், அசல்தான்" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. மிகச் சில குழந்தைகளுக்கு ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுதாலேயே உடம்பு பெருத்துவிடும். லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி மூளைக்குப் போய் "இருப்பு போதும்" என்று சொல்கிற ஹார்மோன் அது. மூன்று வருடம் கழித்து, இங்கிலாந்தில் பாகிஸ்தானி வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைக் கண்டார்கள். அவர்களில் ஒரு பெண்குழந்தைக்கு 8 வயதில் 86 கிலோ. லெப்டினை ஊசியாகப் போட்டதும் அவளுடைய பசி அடங்கி எடை இறங்கியது. இந்த லெப்டின் பழுது அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுகிற நம் ஊரில் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை ஐந்து வயதுக்குள் மிகவும் பெருத்து, எந்நேரமும் சாப்பாட்டைத் தேடினால் மருத்துவரிடம் காட்ட ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

என் மகனுக்கு அப்படி எதுவும் இல்லை. தைராய்டாக இருக்குமோ என்று நாங்கள் பயந்திருந்தோம். அவன் உயரத்தைக் காட்டி மருத்துவர் அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கினார். ஹார்மோன் கோளாறால் எடை கூடும் குழந்தைகள் பெரும்பாலும் வளர்த்தி குறைந்து குட்டையாக நின்றுவிடுவார்களாம். இவனோ வகுப்பில் கடைசி பெஞ்சு உயரம். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 5.8 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. எங்கள் அப்பா நாற்பதுகளில் மிதித்த படியில் என் பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் நின்றுகொண்டிருந்தான்.

அன்று இரவு கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடி எனக்கு எதிரே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். என் அப்பாவின் அப்பா. எங்களுக்கு மேலூர் பக்கம் கிராமம், பெரியாறு கால்வாய்ப் பாசனம். படத்தில் ஐயா வெற்றுடம்போடு, தோளில் துண்டோடு நிற்கிறார். விலா எலும்பை எண்ணலாம். என் அப்பா, சித்தப்பாக்கள், நான், என் மகன் எல்லோருக்கும் வந்த ரத்தம் அவருடையதுதான். இரண்டு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. அப்படியானால் "வம்ச உடம்பு" ஐயாவிடம் ஏன் தெரியவில்லை? அவர் விடிகாலையில் கம்மங்கூழைக் குடித்துவிட்டு வயலில் இறங்கியவர், ராத்திரி எட்டு மணிக்குக் கயிற்றுக்கட்டிலில் படுத்தவர். சதை போடுகிற இழுவை அவருக்குள்ளும் இருந்திருக்கும். அதைக் கிளப்பிவிடச் சுற்றிலும் எதுவும் இல்லை.

அப்புறம்தான் பழைய படிப்பைத் தூசி தட்டினேன். உடல் பருமனில் 40 முதல் 70 சதவீதம் மரபு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. இந்த எண்ணை நான் முதலில் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். 45 கிலோவில் முப்பது கிலோ வம்சத்தால் வந்தது, நம்மால் ஆகக்கூடியது மிச்சம்தான் என்று நினைத்தேன். கணக்கு அது இல்லை. ஒரே மாதிரிச் சூழலில் வாழ்கிற மனிதர்களுக்குள் ஒருவர் பெருத்தும் ஒருவர் மெலிந்தும் இருக்கிறார்களே, அந்த வித்தியாசத்தில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சூழலே மாறினால் எல்லோருமே மேலே போகலாம், கீழேயும் வரலாம். எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் கதையும் இப்படித்தான். எடை கூடும் வகையில் அதன் இரண்டு பிரதிகளும் வாய்த்தவர்கள், ஒன்றுகூட வாய்க்காதவர்களைவிட சராசரியாக 3 கிலோ கூடுதல் என்று 2007-ல் ஐரோப்பியர்களிடம் கண்டார்கள். இப்படிச் சிறிது சிறிதாகத் தள்ளிவிடும் மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் உடம்பை அசைத்து வாழும் பெரியவர்களிடம் எஃப்.டி.ஓ.வின் வேகம் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்ததாகப் பிறகு வந்த ஆய்வு சொன்னது.

இதைப் படித்த பிறகு என் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுவதை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று வருடம் இளையவளான மகள் அவள் அம்மா வாகு. ஊதினால் பறந்துவிடுவாள். ஒரே இட்லிப் பானை, ஒரே சட்னி. அவள் மூன்றாவது இட்லியில் பாதியைக் கிள்ளிப் போட்டுவிட்டு "போதும்பா" என்று எழுந்து ஓடுவாள். இவன் ஐந்தாவதை முடித்துவிட்டு அவள் விட்டுப்போன பாதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாய் கேட்காது, கண் கேட்கும். இத்தனை நாள் அதைத் தீனிக்கு அலைவது என்று நினைத்தோம். "அவளைப் பாருடா, எவ்வளவு அளவா சாப்புடுறா" என்று தங்கையை வைத்து அவனைக் குத்திக் காட்டினோம். அவளுக்கு வயிறு மூன்றாவது இட்லியில் மணி அடிக்கிறது, இவனுக்கு ஐந்தில்கூட அடிக்கவில்லை. எடைக்குக் காரணமான மரபணுக்களில் நிறைய மூளையில்தான் வேலை செய்கின்றன, பசி, திருப்தி என்கிற இடத்தில். அவளுடைய அளவு அவள் சம்பாதித்த ஒழுக்கம் இல்லை. இவனுடைய பசி இவன் செய்த தப்பும் இல்லை. இது மனதில் பட்ட அன்றைக்கு, எத்தனை முறை அவனைத் திட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துத் தூங்காமல் கிடந்தேன்.

கனடாவில் 1990-ல் வெளியான ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் 12 ஜோடி. வாரத்துக்கு 6 நாள் வீதம், 100 நாளில் 84 நாட்கள் அவர்களுக்குத் தேவைக்கு மேல் தினம் 1,000 கலோரி கொடுத்தார்கள். ஒருவர் 4 கிலோ ஏறினார், இன்னொருவர் 13 கிலோ ஏறினார். ஆனால் ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் இருந்த வித்தியாசம், ஜோடிக்கு ஜோடி இருந்ததைவிட மிகக் குறைவு. அதே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி ஒட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இன்னொன்றும் அதில் இருக்கிறது. கூடுதல் சாப்பாடு கொடுத்த பிறகுதான் அந்த 13 கிலோ வந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கூடுதலைக் கொடுத்தது நான்தான்.

கடை மூடி வீட்டுக்கு வர 11 ஆகும். பையன் தூங்காமல் காத்திருப்பான். வாழை இலையில் மடித்து மேலே பேப்பர் சுற்றிய பார்சலை நான் கட்டில் மேல் பிரிப்பேன். சூட்டில் இலை வாடிப் பழுப்பாகியிருக்கும், அந்த வாசனைக்கே அவன் முகம் மலர்ந்துவிடும். இரண்டு புரோட்டா, தனிப் பையில் சால்னா. பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றி ஊறவைத்துவிட்டு, ஊறுகிற அந்த இரண்டு நிமிடத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் சொல்வான். காலையில் அவன் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரு நாளில் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசியது அந்த அரைமணி நேரம்தான். ஏழு மணிக்கே வீட்டில் தோசை சாப்பிட்டிருப்பான் என்பது எனக்கும் தெரியும்.

கடைக் கணக்கை வைத்து ஒருநாள் போட்டுப் பார்த்தேன். என் கடையில் ஒரு கிலோ மைதாவுக்கு இருபது புரோட்டா. மாவு பிசையவும், உருண்டையை ஊறப்போடவும், வீசவும், கல்லில் விடவும் சேர்த்துக் கால் லிட்டர் எண்ணெய் குறையாமல் போகும். ஒரு புரோட்டாவுக்கு 50 கிராம் மைதா, 12 மில்லி எண்ணெய். மாவில் 175 கலோரி, எண்ணெயில் 100 கலோரி. இரண்டு புரோட்டாவுக்கு 550, சால்னா தனி. ஒன்பது வயதுப் பையனுக்கு நாள் முழுவதற்குமே ஏறத்தாழ 1,700 கலோரிதான் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை, இரண்டாவது ராத்திரிச் சாப்பாடாக நான் ஆசையோடு ஊட்டிவிட்டிருக்கிறேன். அதற்கு மேல் தூக்கம். அந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். பன்னிரண்டுக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறவனுக்கு ஏது? தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுதலாகத்தான் இருக்கும்.

இதற்கும் முன்னால் போனால் இன்னொரு கதை இருக்கிறது. அவன் பிறந்தபோது 2 கிலோ 300 கிராம். "நோஞ்சானாப் பொறந்துட்டானே" என்று அம்மா ஆறாவது மாதத்திலிருந்து சத்துமாவில் நெய் ஊற்றிக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். ஒரு வயதுக்கு மேல் குழந்தைகள் கொஞ்சம் நீண்டு மெலிவார்கள், ஐந்து ஆறு வயதில் மறுபடியும் சதை போடும், அதுதான் இயல்பு. எங்களவன் மெலியவே இல்லை, மெலிய நாங்கள் விடவும் இல்லை. புனேயில் மருத்துவர் யாக்னிக் 1990-களிலிருந்து கிராமத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்துவருகிறார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்தாலும் உள்ளே கொழுப்பைச் சேர்த்துவைக்கிற உடம்பு. அதை அவசரமாக ஊட்டி ஏற்றினால் அந்த எடை வயிற்றைச் சுற்றித்தான் போய்ச் சேரும். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பஞ்சத்தைப் பார்த்தவர், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஊட்டினார்.

முதல் மூன்று மாதம் நாங்கள் செய்தது எல்லாம் தப்பு. பையனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. தங்கைக்கு நெய்த்தோசை, அவனுக்குக் கோதுமை உப்புமா. பார்சலை நிறுத்திவிட்டேன், அந்த அரைமணி நேரமும் சேர்ந்து நின்றுபோனது எனக்கு உறைக்கவில்லை. சித்திரைத் திருவிழா சமயம், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், வீட்டைக் கூட்டும்போது பீரோவுக்குப் பின்னால் காய்ந்த வாழை இலைகள் அகப்பட்டன. ஏழோ எட்டோ. என் கடைப் பையனிடமே கெஞ்சி வாங்கி, இருட்டில் நின்று தின்றிருக்கிறான். நான் கையை ஓங்கிவிட்டேன். என் மனைவி குறுக்கே வந்து, "அவனை ஏங்க அடிக்கிறீங்க? வீட்ல எல்லாரும் திங்கிறோம், அவன் மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள். பையன் அழவில்லை. "எனக்குப் பசிக்குதுப்பா, நெசமாப் பசிக்குது" என்றான்.

அதற்குப் பிறகு அவனை மாற்றுவதை விட்டுவிட்டோம். வீட்டை மாற்றினோம். தட்டு எல்லோருக்கும் ஒரே தட்டு. பொரியலும் கூட்டும் முதலில், முட்டையோ சுண்டலோ ஏதாவது ஒன்று கட்டாயம், சோறும் இட்லியும் அதற்குப் பிறகு. வயிற்றில் தங்குகிற சாப்பாடு உள்ளே போனால் அவனுக்கும் மணி அடிக்கத்தான் செய்கிறது, கொஞ்சம் தாமதமாக. அதனால் மறுபடி கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. "பத்து நிமிஷம் கழிச்சுக் கேளுடா" என்போம். பாதி நாள் மறந்துவிடுவான். பிஸ்கட், மிக்சர் டப்பாக்கள் வீட்டிலேயே இல்லை. கண்ணில் படுகிற இடத்தில் கொய்யாவும் வேர்க்கடலையும். கடை ஃபிரிட்ஜில் இருக்கும் கூல்டிரிங்ஸ் வீட்டுக்கு வராது. 250 மில்லி பாட்டிலில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, குடித்த வயிறு நிறைந்ததாக உணர்வதும் இல்லை. ஜிகர்தண்டாவை நான் விலக்கவில்லை. மதுரையில் இருந்துகொண்டு அதைப் பிள்ளைக்கு விலக்கினால் அது வேறு ஒரு பீரோவுக்குப் பின்னால் போய்விடும். மாதம் ஒருமுறை, நாலு பேரும் சேர்ந்து போய்க் குடிக்கிறோம்.

எனக்குத்தான் கஷ்டமான மாற்றம். கல்லை மாஸ்டர் பொறுப்பில் விட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கு எழுகிறேன். அவன் ராத்திரி ஒன்பதுக்குத் தூங்கிவிடுகிறான். இரண்டு பேரும் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆரம்பத்தில் அரைச் சுற்றில் படியில் உட்கார்ந்துவிடுவான், நானும்தான். அந்த அரைமணிப் பேச்சு அங்கேதான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நடையால் மட்டும் எடை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அவன் என்னோடு பேசுவதற்குப் புரோட்டா வேண்டியதில்லை என்று ஆனதே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பேச்சு திரும்பிய பிறகுதான் பள்ளிக்கூடச் சங்கதி வெளியே வந்தது. விளையாட்டு நேரத்தில் அவனை ஓரமாக உட்காரவைத்து மற்றப் பிள்ளைகளின் பைகளைக் காவல் காக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு வருடமாக. ஓடினால் மூச்சு வாங்குகிறதாம். ஓட வேண்டிய பிள்ளையே அவன்தானே! நேரில் போய்ப் பேசினேன். சண்டை போடவில்லை, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி, தினமும் ஒரு மணி நேரம் அவன் உடம்பு அசைய வேண்டும் என்று சொன்னேன். கடையிலும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மாஸ்டரிலிருந்து வாடிக்கைக்காரர் வரை அவனை "குட்டியானை" என்று கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். பாசம்தான். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்னேன், "பேரைச் சொல்லிக் கூப்புடுங்கண்ணே." ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் கடைப் பக்கம் வரவில்லை.

எடையைக் குறைக்க வேண்டாம் என்று மருத்துவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் வந்து ஈடுகட்டிவிடும். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இப்போது உயரம் 145, எடை 46. உயரத்தோடு எடையைச் சேர்த்துப் பார்க்கிற பி.எம்.ஐ. 24.3-லிருந்து 21.9-க்கு வந்திருக்கிறது. சர்க்கரை 5.5. கழுத்துக் கருப்பு முழுதாகப் போகவில்லை, வெளுத்திருக்கிறது. அம்மா பீர்க்கங்காய் நாரைத் தூக்கிப் போட்டுவிட்டார். தங்கையைவிட அவனுக்கு இன்றும் பசி அதிகம், அது அப்படியேதான் இருக்கும். இடையில் என் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த மாதம் இரண்டு கிலோ ஏறி, திரும்ப இறங்க நான்கு மாதம் ஆனது.

போன மாதம் என் தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான். 2 கிலோ 400. பார்க்கப் போன இடத்தில் அம்மா குழந்தையின் காலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இவனும் நோஞ்சான்தான்டா" என்றார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "ஆறு மாசம் தாய்ப்பால் போதும்ல, அந்த டாக்டரம்மா சொன்ன மாதிரி?" என்று கேட்டார். "போதும்மா" என்றேன். பக்கத்தில் நின்ற என் மகன் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.